இடப்பக்கம் திரும்பிய மட்டக்குதிரை

எங்கள் வீட்டுக்கு மூத்தவரும் எனக்கு இன்னொரு தாயுமான அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் காரைக்கால் சொந்தங்களுக்கும், பாரீசிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா வீட்டாருக்கும், கான் ஹொய் சந்து மக்களுக்கும் என் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் மறைந்தவரை அடக்கமானவர், அமைதியானவர் என்று எழுதுவது முறை. அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். அக்கா பெரிய பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தால்தான் நாங்கள் இன்றும் சைகோனில் இருக்கிறோம்.

அக்கா பிறந்தது துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில். காரைக்காலிலிருந்து வந்த எங்கள் அப்பா அங்கே பசுக்கள் வைத்துப் பால் ஊற்றினார். பள்ளிக்கூடம் போகும் முன்பே அக்காவுக்குப் பால் கறக்க வரும். நான் ஆறு வயது இளையவன். மாடு தும்மினாலே ஓடிவிடுவேன். அப்பா காலமான மறுவருடம் போர் முடிந்து ஆட்சி மாறியது. நான் கணக்கெழுதிய கம்பெனி மூடப்பட்டது. தீவனம் கிடைக்காமல் பசுக்களும் ஒவ்வொன்றாய்ப் போய்க் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

அப்போதுதான் வார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. வேலையில்லாத குடும்பங்கள் நகரத்தை விட்டு, காட்டைத் திருத்திப் பயிர் செய்யும் புதுக் குடியிருப்புகளுக்குப் போக வேண்டுமாம். பட்டியலில் அம்மா, அக்கா, நான் மூவரும் இருந்தோம். அம்மாவுக்கு ஆஸ்துமா. அந்தக் காட்டில் அவர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் ‘தோ மோ’ என்னும் ஒற்றைக்குதிரை வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. சொந்தக் குதிரை வைத்து ஊருக்குள் ஓட்டிக் காட்டினால் வண்டிக்காரர் சங்கத்தில் சேர்த்துக்கொள்வார்கள். சங்கத்தில் சேர்ந்தால் வேலை இருக்கிறது என்று பொருள். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அக்கா கடைசிப் பசுவைக் கொடுத்து, பழக்கப்படாத ஒரு மட்டக்குதிரையையும் பழைய வண்டி ஒன்றையும் மாற்றிக்கொண்டு வந்தார்.

அம்மா வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டார். “லச்சுமிய குடுத்துட்டு கழுதய வாங்கியாந்திருக்கியேடி!”

“கழுத இல்லம்மா, குதிர. கொஞ்சம் குட்டையா இருக்கு, அவ்ளோதான்.”

முதல் பத்து நாள் வண்டியைத் தொடவே இல்லை. மாட்டுக்கொட்டில் முற்றத்தில் ஒரு கயிறு மட்டும். அக்கா நடந்தால் அது நடக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும், மார்பில் கை வைத்தால் ஓரடி பின்னால் போக வேண்டும். அதன் முதுகில் சாக்கை உதறுவார், கண்ணெதிரே குடை விரிப்பார். தகரத் தட்டைத் தட்டிச் சத்தம் எழுப்புவது என் உத்தியோகம். மூன்று நாளில் குதிரை பழகிவிட்டது. பக்கத்து வீட்டார்தான் கடைசிவரை பழகவில்லை.

பிறகு தெருவுக்கு வந்தோம். விடிந்ததும் முன்னால் கயிற்றைப் பிடித்துப் பாலம் தாண்டி, த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் வரை அழைத்துப் போவார். அங்கே போனதும் கடிவாளத்தில் நீண்ட வாரைப் பூட்டி, பின்னால் நடந்தபடி கோயிலைச் சுற்றி ஓட்டுவார். அம்மன் பார்வையில் பழகினால் நல்லது என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தாமதமாகக் கிளம்புவோம். அதற்கேற்பச் சைக்கிள், சிக்லோ என்னும் சைக்கிள் ரிக்‌ஷா, ஹோண்டா மோட்டார் சைக்கிள் என்று நெரிசல் கூடும். ஒரு மாதத்தில், காதருகே லாரி உறுமினாலும் அது வாலை மட்டும் ஆட்டியது. வண்டியையும் பூட்டிப் பார்த்தாயிற்று. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

சங்கத்துப் பெரியவரை எல்லோரும் ‘ஓங் தூ’ என்பார்கள். நான்காமவர் என்று அர்த்தம். ஓட்டிக் காட்டும் நாளில் அவர் வண்டியில் ஏறிக்கொள்ள, நானும் பின்னால் ஒட்டிக்கொண்டேன். பாலம் இறங்கியதும் இடப்பக்கம் போகச் சொன்னார். அக்கா இடது வாரை இழுத்தார். குதிரை கழுத்தை மட்டும் இடப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, நிம்மதியாக வலப்பக்கம் நடந்தது. மறுபடி இழுத்தால் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் சிக்லோக்காரர்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் மூன்று முறை வலப்பக்கமாகத் திரும்பித்தான் அந்த இடப்பக்கத் தெருவை அடைந்தோம்.

ஓங் தூ இறங்கி, வியட்நாமிய மொழியில் பொறுமையாகச் சொன்னார்: “நல்ல குதிரதாம்மா. ஆனா இதுல ஏறுறவன் ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் வீடு போய்ச் சேருவான். பதினஞ்சு நாள் தரேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

வீட்டுக்கு வந்ததும்தான் எனக்கு உறைத்தது. “நீ கோயில வலமாவே சுத்துனியேக்கா. அதுக்கு எடப்பக்கம்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. நாளைலேருந்து எடமா சுத்து.”

“கோயிலயா? சாவு வூட்டுலதான்டா எடமா சுத்துவாங்க. நான் செய்யமாட்டேன்.”

“அப்ப அம்மாவ காட்டுக்கு அனுப்பிட்டு நீ வலமா சுத்திக்கிட்டு இரு!”

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அன்று மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதை இந்த மலரில்தான் கேட்கிறேன்.

மறுநாள் அக்கா கோயில் பக்கம் திரும்பவில்லை. நேரே பென் தான் சந்தை முன்னால் இருக்கும் பெரிய ரவுண்டானாவில் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தினார். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போவதால் ரவுண்டானாவை இடமாகத்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் அது சைகோனிலேயே மோசமான நெரிசல். அக்கா வாரைப் பிடித்துப் பின்னால் நடக்க, குதிரைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வலப்பக்கத்தில் நடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மாடு தும்மினால் ஓடுகிற நான்தான் அந்த ஆள்.

மூன்றாம் நாள் ஒரு பஸ் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது. குதிரை முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. அக்கா விழுந்து, முழங்கால் தேய இழுபட்டார், வாரை விடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தேன். அது நின்றது. ரத்தத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னது ஒன்றுதான்: “இன்னொரு சுத்துடா.”

ரவுண்டானா நடுவே குதிரை வீரர் சிலை ஒன்று உண்டு. மீன்காரப் பெண்கள் தினமும் கேட்பார்கள்: “அந்தப் பெரிய குதிரைக்கு வேண்டுதலா உங்களுக்கு?” எட்டாம் நாள் முதல் அவர்களே கூடைகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். பத்தாம் நாள் அக்கா இடது வாரை லேசாகத் தொட்டதும் குதிரை தானாகத் திரும்பியது. நடுரோட்டில் நின்று அக்கா அழுததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் ஓங் தூ மறுபடி ஏறினார். பாலம் இறங்கியதும் இடம், சந்தையருகே வலம், மறுபடி இடம். ஓங் தூ சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, “வந்ததுதான் வந்தோம், என்னை வீட்லயே விட்டுடும்மா” என்றார். அடுத்த வாரம் பட்டியலிலிருந்து எங்கள் பெயர்களை அடித்தார்கள். அம்மா அதற்குப் பிறகு பத்தொன்பது மழைக்காலம் இருந்தார்.

அந்த வண்டியில் தினமும் காய்கறி ஏற்றிவந்த வியட்நாமியர் ஒருவர், காய்கறியை இறக்கிய பிறகும் பேசிக்கொண்டே நிற்பார். அவர்தான் எங்கள் அத்தான். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். எனக்கும் அக்காவே பெண் பார்த்து முடித்தார். மோட்டார் சைக்கிள்கள் பெருகி, வண்டிகளுக்கு ஊருக்குள் இடமில்லாமல் போன பின்பும் குதிரையை விற்க மறுத்தார். அது எங்கள் கொட்டிலில் வயதாகித்தான் இறந்தது.

கடைசி எட்டு மாதம் அக்கா படுக்கையில் இருந்தார். கூப்பிடாமலே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், வெள்ளிதோறும் திருநீறு கொண்டுவந்த கோயில் அன்பர்களுக்கும், ஆம்புலன்ஸ் நுழையாத சந்தில் அவரைத் தோளில் சுமந்த அண்டை வீட்டுத் தம்பிகளுக்கும், அவர் கையைக் கடைசிவரை விடாத அத்தானுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

காலி செய்யச் சொன்ன அதே வீட்டில் இன்று நாங்கள் பதினொரு பேர் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அக்கா, எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறோம்.