பூப்பெட்டியில் வந்த ஊசி

"ஆடி, இரண்டாம் செவ்வாய். இரண்டு கண்ணும் அடிவரி வரை. ஊசி வந்தது. அட்டை ஈரம்."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. கண்கள் என் தங்கையுடையவை. அடிவரி என்பது அவள் வீட்டுத் தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் அச்சிட்டிருக்கும் கடைசி வரி. தினமும் காலையில் பால் வாங்கிய கையோடு அவள் வீட்டுக்குப் போவேன். காலண்டரிலிருந்து நாலடி தள்ளி நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசிப்பாள். பிறகு மறு கண். நான் எழுதிக்கொள்வேன்.

அவளுக்கு முதலில் முதுகிலும் இடுப்பிலும்தான் வலி. பிறகு கண் சிவந்தது, வெளிச்சம் கூசியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிறது, அதனால் கண்ணுக்குள் அழற்சி என்றார் டாக்டர். ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டுப் போட்டுக் கண்ணழுத்தம் ஏறியது. கடைசியில், காசநோய் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடையில் தானே போட்டுக்கொள்ளும் ஊசியைத் தொடங்கினார்கள். மூன்றாம் மாதம் இரண்டு கண்ணாலும் அடிவரியை வாசித்தாள். கடைக்கும் மறுபடி போனாள். அவள் கணவருக்குப் பூ வியாபாரம். குவித்த பிச்சியில் இன்று விரியும் மொட்டு எது, நாளை வரை தாங்கும் மொட்டு எது என்று பார்த்தவுடன் பிரிப்பவள் அவள்தான்.

மாதத்துக்கு இரண்டு ஊசிகளைத் திருநெல்வேலியிலிருந்து நான்தான் வாங்கி வருவேன், மருந்துக்கடையில் தரும் குளிர்பையில் வைத்து. அந்தத் தடவை எனக்குக் காய்ச்சல். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தால் பஸ்களும் ஊருக்கு வெளியே நின்றன. பூ இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் தானே வாங்கி வருவதாக மாப்பிள்ளை சொன்னார்.

"சூடு மட்டும் படக்கூடாது மாப்ளே."

"பிச்சிப்பூவத் திருவனந்தபுரம் வரைக்கும் மொட்டாவே கொண்டு சேக்குதேன். எனக்குப் போயி பாடம் எடுக்கீகளே மச்சான்! போர்வைய இழுத்து மூடிட்டுப் படுங்க."

உறையவும் கூடாது என்று மருந்தோடு வரும் தாளில் அச்சிட்டிருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

பூவுக்குச் செய்வதையே அவர் ஊசிக்கும் செய்தார். தெர்மக்கோல் பெட்டிக்குள் கல்லாக உறைந்த தண்ணீர் பாட்டில்கள், அவற்றின் நடுவே ஊசிகள் இருந்த அட்டைப்பெட்டி, மேலே ஈரத்துணி. "தொட்டுப் பாரு, எப்படிச் சில்லுன்னு இருக்கு!" என்று தங்கையிடம் நீட்டினார். ஊசிக்குள் மருந்து தெளிவாகத்தான் தெரிந்தது. இரண்டையும் உரிய நாளில் போட்டுக்கொண்டாள்.

ஆவணி நடுவில் இடது கண் அடிவரியை விட்டது. நான்கு நாளில் நடுவரிகளையும் விட்டது. தேதியின் பெரிய எண் மட்டும் மிஞ்சியது.

"எட்டா, மூணா?" என்றேன்.

"நேத்து ஏழுன்னா இன்னைக்கு எட்டுதானே அண்ணே" என்று சிரித்தாள்.

மறுநாள் ஏதோ ஒரு தாளைப் புரட்டிப் பிடித்துக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில், மாப்பிள்ளை காப்பி வாங்கப் போயிருந்தபோது, ஊசி எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். உறைந்து உருகியிருந்தால் மருந்து கெட்டிருக்கும். ஆனால் உறைந்ததா என்று இனி பார்க்க வழியில்லை என்றார். சிலருக்கு உடம்பே அந்த மருந்தை எதிர்க்கத் தொடங்கிவிடும், அதை ரத்தத்தில் சோதிக்கலாம் என்றும் சொன்னார். எதுவானாலும் இடது கண்ணில் விழித்திரை தழும்பாகிவிட்டது, அந்தப் பார்வை இனித் திரும்பாது. வலதைக் காப்பாற்ற வேறு மருந்து தொடங்க வேண்டும்.

வெளியே வந்ததும் தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அவுககிட்ட சொல்லிராத அண்ணே. சொன்னா பூவக் கையால தொட மாட்டாக."

"அவர் மேல என்ன இருக்கு? நான்தான் சொல்லாம விட்டேன்."

"அப்ப ரத்தமும் குடுக்க வேண்டாம். உடம்பு எதிர்க்கலன்னு வந்துட்டா, மிச்சம் ஐஸ் மட்டும்தானே?"

மாப்பிள்ளை மூன்று காப்பியோடு வந்தார். "அண்ணனும் தங்கச்சியும் என்ன ரகசியம்? ஆறிப்போவுது, பிடிங்க." அவள் நீட்டிய கை கோப்பைக்குப் பக்கத்தில் வெறுமையில் நின்றது. அவர் அந்தக் கையைப் பற்றி, கோப்பையை அதில் வைத்தார்.

இப்போது புது மருந்து. வலது கண் அடிவரி வரை வாசிக்கிறது. ஒற்றைக் கண்ணுக்கு மொட்டின் பருமன் பிடிபடவில்லை, கடையில் மொட்டுப் பிரிக்க வேறு ஆள் வருகிறாள். என் தங்கை பூ கட்டுகிறாள், அதற்குக் கண் அதிகம் தேவையில்லை. நான் திருநெல்வேலிக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை கேட்கிறார்: "பெட்டியக் கொண்டு போங்களேன் மச்சான், ஐஸ் வச்சுத் தாரேன்." மருந்துக்கடையில் பை தருவார்கள் என்கிறேன். தான் செய்தது பிடிக்கவில்லையோ என்று ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறார்.

ரத்தப் பரிசோதனை இன்றுவரை செய்யவில்லை. ஆடி இரண்டாம் செவ்வாய்க் குறிப்பின் ஓரத்தில் பிறகு பென்சிலால் சேர்த்திருக்கிறேன்: ஊசி உறைந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.