மஞ்சள் பிள்ளையாரும் மாமாவின் துவக்கும்

என் அம்மா நாற்பது வருடமாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்த அற்புதம் ஒன்று உண்டு. அதைச் செய்தவர் பிள்ளையார் அல்லர், நான். இதைச் சொல்வதற்கு எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

சென்ற மாதம் மெல்பேர்னில், த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண்மணியை எனக்கு முன்பின் தெரியாது. நேரம் போகாமல் என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளையாரை லேசா நினையாதேங்கோ. முந்திச் சிட்னியில ஒரு வீட்டில, ஆயுத பூசைக்கு மஞ்சளில பிடிச்சு வைச்ச பிள்ளையார், துலைஞ்ச வைரத்தோட்டைத் தன்ர வயித்துக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்தவராம்.”

“ஓம், கேள்விப்பட்டனான்,” என்று சொல்லித் தட்டை நீட்டினேன்.

அது வைரத்தோடு அல்ல. ஒரு நெல்மணி நீளமுள்ள உருக்குப் பின்.

அப்போது எனக்குப் பத்து வயது. சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருந்தோம். இன்று அந்த ஸ்டேஷனில் இறங்கினால் கொத்துரொட்டி தட்டும் சத்தம் வரவேற்கிறது. அன்று எங்கள் தெருவில் தமிழ் கேட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான். அப்பா ஆஸ்பத்திரியில் மருத்துவர். அவரும் அம்மாவும் நானும் இருந்த வீட்டில் நாலாவதாக வந்து சேர்ந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஊரில் ஒரு பெரிய ஆலையில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்தவர். இங்கே அந்த அனுபவத்தை ஒருவரும் ஒரு பொருட்டாக எடுக்காததால், அப்பா வேலை செய்த அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் அங்கத்தவர். மாமாவையும் அதில் சேர்த்து, குறி சுடுவதற்கென்று பழைய துவக்கு ஒன்றையும் மலிவாக எடுத்துக் கொடுத்தார். தோட்டாக்கள் கிளப்பிலேயே இருக்கும். துவக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

“விரிப்பு மடிக்கிறதுக்குத் துவக்கு எதுக்கு? அதுகள் எதிர்த்து நிக்குதுகளோ?” என்று அப்பா கேட்டார்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மாமா அந்தத் துவக்கைச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கழற்றினார். அதில் மூன்று ரோல் பின்கள் தளர்ந்திருந்தன. புதிதாக மூன்று வாங்கி வந்திருந்தார். மெல்லிய உருக்குத் தகட்டைக் குழலாகச் சுருட்டி, நீளவாக்கில் ஒரு பிளவு விட்டது போன்ற சாமான் அது. நான் கதிரையில் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“துளையைவிட இது ஒரு மயிர் தடிப்பு, மருமகன். தட்டினால் ஒடுங்கிக்கொண்டு உள்ளுக்குப் போகும். போனாப் பிறகு விரியப் பாக்கும். விரிய இடமில்லை. அதால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டிடும்.”

அப்பா பேப்பரை இறக்கிக் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். “கேட்டீரோ, உம்மட தம்பி எங்கட வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லுறான்.”

மாமாவும் சிரித்தார். கழற்றிய பழைய பின்களைக் குப்பை வாளியில் போட்டார். ஒருமுறை கழற்றினதைத் திருப்பிப் போடுகிறவன் பிற்றரே இல்லை என்பது அவர் கொள்கை. வெள்ளி விடியக் குப்பை வண்டி வந்து அந்தப் பழைய மூன்றையும் கொண்டுபோய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. துவக்கை வெள்ளி பின்னேரம் திரும்பப் பொருத்திப் பூட்டுவதென்று மாமா நினைத்திருந்தார். அம்மா விடவில்லை. ஆயுதம் வைத்திருக்கிற ஒரே ஆள் அதை வைக்காமல் இதென்ன ஆயுத பூசை என்று கேட்டாள். ஆகவே அப்பாவின் ஸ்டெதஸ்கோப், அம்மாவின் தையல் கத்தரிக்கோல், என் கணக்குக் கொப்பி இவற்றோடு துவக்கின் பாகங்களும் சந்தனப் பொட்டோடு வரிசையாகப் படுத்தன. மூன்று பின்களுக்கும் தனியாக ஒரு கோப்பைத் தட்டு. நடுவில் மஞ்சள் பிள்ளையார். மஞ்சள் ஊரிலிருந்து பார்சலில் வரவேண்டிய காலம். அம்மா பாதிக்குப் பாதி கோதுமை மாவைக் கலந்து அவரை ஒரு தேசிக்காய் அளவுக்கு உயர்த்தியிருந்தாள்.

“நாளைக்குக் காலமை பூசை முடியுமட்டும் ஒருதரும் ஒண்டிலயும் கை வைக்கக்கூடாது. மேசையை விட்டு ஒரு துரும்பும் வெளியில போகக்கூடாது.”

அன்று மாமா இன்னொரு காரியமும் செய்தார். சனிக்கிழமை என்னையும் கிளப்புக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தவர், “இந்தச் சனி வேண்டாம், மருமகன், அடுத்த சனி போவம்,” என்றார். ஏன் என்று கேட்டேன். “சும்மாதான்.” நான் அதற்குள் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். ஒருவனுடைய தகப்பன் அதே கிளப்பில் சுடுபவர். திங்கட்கிழமை அந்த முகங்களை நான் எப்படிப் பார்ப்பது?

எல்லாரும் குசினியில் கடலை தாளிக்கும் வாசத்துக்குப் பின்னால் போயிருந்த நேரம், தட்டிலிருந்து ஒரு பின்னை எடுத்துப் பிள்ளையாரின் முதுகில் பெருவிரலால் அமத்திவிட்டேன். மேசையை விட்டு ஒரு துரும்பும் வெளியே போகவில்லை. ஆகவே அம்மாவின் கட்டளையை நான் மீறவில்லை என்று திருப்தியோடு கடலை தின்றேன்.

காலையில் பூசை முடிந்ததும் மாமா துவக்கைப் பூட்ட உட்கார்ந்தார். இரண்டு பின்கள் போயின. மூன்றாவது இல்லை. அது குறிபார்க்கும் தகட்டைப் பிடித்து நிற்க வேண்டிய பின்.

வீடு முழுவதும் கம்பளத்தில் நாலு காலில் இறங்கியது. மாமா தன் காந்தத்தை இழுத்துக்கொண்டு தவழ்ந்தார். அதில் அம்மாவின் கொண்டை ஊசிகள் இரண்டும் ஒரு சட்டைப்பின்னும் மிகச் சிறிய திருகாணி ஒன்றும் வந்தன.

“இந்தத் திருகாணியை எல்லோ நான் மூண்டு மாசமாத் தேடுறன்!” என்று அப்பா கத்தினார். அத்தோடு தேடுவதை விட்டுவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைத் திருத்தப் போய்விட்டார்.

அம்மா மேசைக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். “பிள்ளையாரே, என்ர தம்பியின்ர சாமான் அகப்பட்டால் இண்டைக்கே மோதகம் அவிச்சுப் படைக்கிறன்.” பிள்ளையார் முதுகில் பின்னோடு அமைதியாக இருந்தார். எல்லாரையும் விட மும்முரமாகத் தேடியவன் நான்தான்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரரின் கார் ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. மாமாவின் முகம் கறுத்துப்போயிற்று. பெட்டியைக் கிளறி ஒரு ஆணியை எடுத்தார். அளவுக்கு வெட்டி, அரத்தால் தேய்த்து, அந்தத் துளைக்குள் தட்டினார். செய்யும்போது அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குப் பட்டது. எழும்பிப் போய்விட்டார். அவர் போகமாட்டார் என்று நம்பியிருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மத்தியானம் திரும்பி வந்தார். எப்படி என்று அப்பா கேட்டார்.

“பத்துச் சூட்டில ஆணி கழண்டு விழுந்திட்டுது, அத்தான். துவக்கே என்னைப் பாத்துச் சிரிச்சது.”

பின்னேரம் அம்மா பிள்ளையாரைக் கரைத்துத் தேசிமரத்தடியில் ஊற்றுவதற்காக ஒரு சட்டி நீரில் விட்டாள். கோதுமை மாப் பிள்ளையார் சுலபத்தில் கரையவில்லை. பிசைந்தாள். சட்டியில் ‘ணங்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து அம்மா எழுப்பிய கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தம்பி! எல்லாரும் ஓடி வாங்கோ! பிள்ளையார் கொண்டுவந்து தந்திட்டார்!”

மாமா வந்து பின்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையிலிருந்த மிச்சப் பிள்ளையாரை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, முதுகைப் பார்த்தார்.

“ஓம் அக்கா. அவற்ற விரல் அடையாளம்கூட இருக்கு. சின்ன விரல்தான்.”

அம்மா கண்கலங்கிப்போய் அரிசி மாவை வறுக்கத் தொடங்கினாள். நான் ஆறு மோதகம் தின்றேன்.

பதினைந்து வருடம் கழித்து மாமா மெல்பேர்னில் சொந்தமாக ஒரு பட்டறை திறந்தார். பால் காய்ச்சிய அன்று, பழைய கதை பேசிச் சிரித்த அப்பா எனக்கு மிச்சத்தைச் சொன்னார். கிளப்பின் தலைவர் கடைசல் இயந்திரங்கள் வைத்துத் தொழில் நடத்தியவர். அவருக்கு ஒரு பிற்றர் தேவைப்பட்டது. சனிக்கிழமை உன் கையால் பூட்டிய துவக்கைக் கொண்டுவா, கைவேலையைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒருவன் முன்னால் கைகட்டி நிற்பதை மருமகன் பார்க்கவேண்டாம் என்றுதான் மாமா என்னை விட்டுப் போனார். தலைவர் ஆணியைக் கண்டார். பின் இருக்கவேண்டிய இடத்தில் ஆணி அடிக்கிற ஆளிடம் என் இயந்திரங்களை எப்படி விடுவது என்று கேட்டார். பூசையையும் பிள்ளையாரையும் அந்த மனுசனுக்கு எங்கிருந்து தொடங்கி விளங்கப்படுத்துவது? மாமா துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்னும் நாலு வருடம் விரிப்பு மடித்தார்.

நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை. அம்மா போன பிறகும் சொல்லவில்லை. மாமா சென்ற வருடம் காலமானார். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், மோதகம் தின்ற கையைக் கழுவிவிட்டு வரச்சொல்லி மாமா என்னைக் கூப்பிட்டார். மஞ்சள் கறை போகாத அந்தப் பின்னைத் துளையின் வாயில் வைத்துத் தன் விரலால் பிடித்துக்கொண்டு, சுத்தியலை என் கையில் தந்தார்.

“அடி. என்ர விரலுக்குப் பயப்படாதை.”

நான் தட்டினேன். பின் ஒடுங்கி உள்ளே போயிற்று. பிடிபடாமல் தப்பிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் கேட்டேன்:

“மாமா, அடுத்த சனி கட்டாயம் என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?”

“கட்டாயம். இனிப் போறது சும்மா விளையாட்டுக்குத்தானே.”

அதைவிட நல்ல செய்தி வேறில்லை என்று நான் வீட்டைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன்.