ஆணம் என்ற சொல்லுக்கு மதிப்பெண் இல்லை

பம்பாய் மாட்டுங்காப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி நடைபாதை. பினாயில் வாடை குமட்ட, என் ஆறு வயது மகள் ஜரினாவை மடியில் வைத்துக் காத்திருந்தேன். எண்பத்தைந்தில் அது, இரண்டு வருஷம் ஆகிறது. தாராவியிலிருந்து நடந்தே வந்திருந்தோம்.

அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். சொன்ன வேலையைச் செய்வாள். பேச்சு மட்டும் “வாப்பா”, “தண்ணி” என்று ஒற்றைச் சொல்லாகத்தான் வரும். மொழி வளர்ச்சிக் குறைபாடு (புத்தி இருந்தும் பேச்சு கோவையாக வராத நிலை) என்றார் டாக்டர். சோதனையில் தேறினால் தனிக்கல்வித் திட்டம் (அந்தப் பிள்ளைக்கென்றே வகுக்கும் பாடமுறை) போட்டுப் பள்ளியில் சேர்ப்பார்கள். தேறாவிட்டால் மந்தபுத்தி வகுப்புதான்.

சோதித்த அம்மாள் தமிழ்க்காரர். மனம் குளிர்ந்தது. சோற்றில் குழம்பு ஊற்றும் படத்தைக் காட்டி, “இது என்னடி கண்ணு?” என்றார்.

ஜரினா வெகுநேரம் பார்த்தாள். பிறகு தெளிவாக, “ஆணம்” என்றாள்.

“குழம்புன்னுகூடத் தெரியலையே, பாவம். உளர்றா.”

“உளறலம்மா. எங்க வீட்டுல அதுக்கு ஆணம்னுதான் பேரு.”

“தமிழ்ல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. இனிமே ஆத்துல ஹிந்தி மட்டும் பேசுங்கோ. கலப்படம் வேண்டாம்.”

கலப்படம்! மிளகாய்த்தூளில் செங்கல்பொடி சேர்த்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. பிள்ளை திணறித் திணறிக் கொண்டுவந்த சொல்லை ஈ ஓட்டுவதுபோல் ஓட்டிவிட்டு, ‘தேறவில்லை’ என்று எழுதினார்.

தோல்பட்டறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “அப்ப, இல்லாததயா புள்ள இத்தன வருசமா ஊத்தித் திங்கிறோம்?”

சிரித்தேன். சிரித்து முடித்ததும் தட்டைத் தள்ளிவைத்தேன்.

மறுநாள் டாக்டரிடமே போனேன். “சொல் வராத பிள்ளையிடம் வந்த சொல்லையும் பிடுங்கினால், அது எதைக் கொண்டு பேசும்?” என்று எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் கேட்டேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் வீட்டுச் சொற்களைக் கேட்டுக் கேட்டு, அவரே மறுபடி சோதித்தார். ஜரினா தேறினாள். திட்டமும் அந்தச் சொற்களில்தான் தொடங்கியது.

அந்த அம்மாள் மட்டும் விடவில்லை. “வெளில சொன்னா சிரிப்பா” என்றார்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படிச் சோதனை வைப்பார்கள். படித்தவர்கள் சொல்கிறார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

ஜரினா இப்போது மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாள். முன்பெல்லாம் அவள் வாய் திறக்கும்போதே என் உதடு முந்திக்கொள்ளும். இப்போது நாக்கை மேல்பல்லில் ஒட்டவைத்து நிற்கப் பழகிவிட்டேன். நான்காவது சொல் வருவதற்குள் அடுப்பில் பால் பொங்குகிறது. வழியட்டும்.