குளத்திலிருந்து வராத கை

பாஸ்கலைப் பார்த்த முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆள் பகலில் ஒரு மாதிரி, பொழுது சாய்ந்தால் ஒரு மாதிரி. பகலில் அந்தக் கோடியில் வரும்போதே, "என்ன மூக்கையாண்ணே, பால் பொங்கிருச்சா" என்று கேட்டுக்கொண்டு வருவான். விளக்கு வைத்த பிறகு நேர் எதிரே நின்றாலும் முகத்தைப் பார்க்காமல் போவான். இப்படி ரெண்டு முகம் வைத்திருக்கிறவனை நான் கடைப் பக்கம் அண்ட விடுவதில்லை. இவனை மட்டும் விட வேண்டியதாகிவிட்டது. கொட்டகையே அவன் வாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னாளபட்டியிலிருந்து செம்பட்டிக்குப் போகிற ரோட்டோரத்தில் கிதர் முகம்மது பாய் டூரிங் கொட்டகை போட்டிருந்தார். அதன் வாசலில் டீ, வடை, முறுக்கு, சோடா விற்கிற கடை என்னுடையது. எனக்கும் என் பெஞ்சாதி பேச்சாயிக்கும் அதுதான் சோறு. வீடியோ வந்திருந்த நேரம். கல்யாண வீட்டில்கூட டெக்கு வைத்து விடிய விடியப் படம் காட்டினார்கள். புதுப்படம் வாடகைக்கு எடுக்கப் பாய்க்குக் கட்டாது. அதனால் எங்கோ மூலையில் கிடந்த பழைய இங்கிலீஷ் படப் பெட்டிகளை எடுத்து வந்து ஓட்டினார். ஒன்று பூதப் படம், இல்லாவிட்டால் சிரிப்புப் படம்.

அந்தப் படங்களை இப்போது எங்கேயாவது ஒன்றிரண்டு இடத்தில்தான் போடுகிறார்கள். பூதம் என்று வருவது ரப்பர் சட்டை மாட்டிய ஆள்தான். திரும்பினால் முதுகில் ஜிப்பு தெரியும். இன்னொரு படத்தில் பல்லி தலையில் கொம்பை ஒட்டி, தீப்பெட்டி மாதிரிக் கட்டின வீடுகளுக்கு நடுவில் விட்டிருந்தார்கள். அது பாவம், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நாக்கை நீட்டும். அதற்கு ஒரு ஊரே அலறிக்கொண்டு ஓடும். ஏமாற்று வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வடைச் சட்டியைப் பேச்சாயியிடம் விட்டுவிட்டுத் தட்டி ஓட்டை வழியாகப் பார்ப்பேன்.

சிரிப்புப் படம் அதைவிடப் பழசு. பேச்சே கிடையாது. ஒருத்தன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கூப்பிட்ட பக்கமெல்லாம் திரும்புவான். ஏணியின் பின்பக்கம் போலீஸ்காரன் தொப்பியைத் தட்டிவிடும். அமாவாசைக்குச் சின்னாளபட்டியில் தறி ஓடாது. அன்றைக்கு நெசவுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து மணலில் உட்கார்ந்துவிடுவார்கள். நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கிற சனம். திரையில் ஒருத்தன் வாழைப்பழத் தோலில் கால் வைக்கப்போனால், மிதிக்காதே என்று தரையிலிருந்து எழுந்து நிற்கும்.

பூதப் படத்தில் பேசுகிற இங்கிலீஷ் யாருக்கும் புரியாதே. அதற்குத்தான் பாய் பாஸ்கலைக் கொண்டுவந்தார். மிஷின் ரூமில் ஆப்பரேட்டர் ராமர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுவான். "இந்த வெள்ளைக்காரப் பொம்பளை கிறுக்கச்சி. கதவத் தொறக்காதேன்னு ஊரே சொல்லுது. இப்பப் பாருங்க, தொறப்பா." அவள் திறப்பாள். கொட்டகை ஓவென்று கத்தும். படத்தைப் பார்க்க வந்தார்களா, இவன் பேச்சைக் கேட்க வந்தார்களா என்று சொல்ல முடியாது.

ஆனால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பூதப் படத்தில் வரப்போவதை முன்னாலேயே சொல்கிறவன், சிரிப்புப் படத்தில் சனம் சிரித்து முடித்த பிறகே வாயைத் திறப்பான். சில படத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று மைக்கையே தொட மாட்டான். அன்றைக்குப் பகலெல்லாம் தொண்டை நன்றாகத்தான் இருந்திருக்கும். ரீலுக்கு ரீல் இடைவேளை விடுவார்கள், ஒரே மிஷின் என்பதால். ராமர் வெளியே வந்து டீ குடிப்பான். பாஸ்கல் வர மாட்டான். எந்த ஊர் என்றால் ஒருத்தரிடம் வத்தலக்குண்டு என்பான், இன்னொருத்தரிடம் மலைமேல் என்பான். குடிப்பானோ என்று ஒருநாள் பக்கத்தில் போய் வாயை மோந்து பார்த்தேன். வெற்றிலை வாசம்தான் வந்தது.

இந்த நேரத்தில்தான் குளத்துப் பூதம் படம் வந்தது. அமாவாசை. மணல் தெரியாத கூட்டம். ஒரு பெண் குளக்கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் ஆட்டுகிறாள். மைக்கில் பாஸ்கல் குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாதீங்க. தண்ணிக்குள்ளருந்து ஒரு கையி வரப்போகுது. அஞ்சு வெரலும் பாசி புடிச்சு, நகம் அருவா மாதிரி. இந்தா வருது, இந்தா…"

பெண்கள் பக்கத்தில் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். கை வரவில்லை. அந்தப் பெண் திடீரென்று ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர், கை எங்கேய்யா என்றார். ஆளாளுக்குக் கையைக் கேட்க ஆரம்பித்தார்கள். கொட்டகைக்காரன் கையை வெட்டிவிட்டான், காசு வாங்கிக்கொண்டு அரைப் படம் காட்டுகிறான் என்று தட்டியைப் பிடித்து உலுக்கினார்கள். விளக்கைப் போட்டுப் பாய் கும்பிட்டு நின்ற பிறகுதான் அடங்கினார்கள். அன்றைக்கு என் வடை பாதி மிச்சம்.

ஆட்டம் முடிந்ததும் பாய் எங்களை எல்லாம் கூப்பிட்டார். வியாழக்கிழமை ஆட்டத்தோடு பெட்டி திரும்பப் போகிறது, படக் கம்பெனி ஆள் வந்து ரீலைச் சுற்றிப் பார்ப்பான், துண்டு குறைந்தால் இனி ஒரு படம் தர மாட்டான் என்றார். ராமர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். ரீல் அறுந்தால் ஒட்டியிருக்கிறேன், வெட்டினதே இல்லை என்றான். பாஸ்கலைக் கேட்டால், கை இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

பாய் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. "கை இருந்துச்சுன்னா ராமர் வெட்டிருக்கணும். இல்லேன்னா நீ பொய் சொல்லிருக்கணும். வியாழக்கிழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியலையா, ரெண்டு பேரும் மூட்டையக் கட்டுங்க."

ராமருக்கு வீடு வாசல் உண்டு. பாஸ்கலுக்கு அந்த மைக்கை விட்டால் ஒன்றுமில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு கீற்றுச் சாய்ப்பில்தான் படுக்கை. பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரெண்டு பேர் மேலும் ஒரு கண் வைத்துக்கொள் என்றார். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பகலில் பாஸ்கல் சாய்ப்பைச் சுற்றிப் பார்த்தேன். அங்கேயிருந்து மிஷின் ரூம் படி வரைக்கும், தட்டியை ஒட்டி, இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. வேட்டி காயப்போடுகிற கயிறா என்றால், அத்தனை நீளம் எதற்கு? படத் துண்டை டப்பாவில் போட்டு இந்த வழியாகத்தான் இழுத்துக் கடத்துகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். சாயங்காலம் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பேச்சாயியிடம் சொன்னேன். உனக்கு வேறே வேலையில்லை என்றாள்.

பொழுது சாய்கிற நேரம், சாய்ப்புக்கு எதிரே அடுக்கியிருந்த என் சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டத்துக்கு முன்னால் போடுகிற பாட்டு ரிக்கார்டைப் போட்டுவிட்டார்கள். பாஸ்கல் சாய்ப்பை விட்டு வெளியே வந்தான். கையை நீட்டிக் காற்றில் துழாவினான். கயிறு இல்லை. பிறகுதான் தெரிந்தது, ஆட்டைக் கட்டக் கயிறில்லை என்று மத்தியானம் பேச்சாயி அவிழ்த்துப் போயிருக்கிறாள். அவன் ரெண்டு எட்டு வைத்தான், நின்றான், மறுபடி வைத்தான். நேராக வந்து தட்டிக் கம்பத்தில் முட்டி, கம்பத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அப்படியே திரும்பி என் சோடாப் பெட்டி மேல் விழுந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏணிக்காரன் படம் மாதிரியே இருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தான். அப்போதுதான் சிரிப்பு நின்றது. பையிலிருந்த முறுக்கை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"ஏலே பாஸ்கலு, என் கையில என்ன இருக்கு?"

"முறுக்கு."

"எத்தன?"

அவன் மூக்கைக் கிட்டே கொண்டுவந்தான். "வாசம்தாண்ணே தெரியுது. எண்ணிக்க தெரியாது" என்றான்.

மாலைக்கண். பகலில் ஊசி கோர்ப்பான். வெளிச்சம் போனால் அவ்வளவுதான். திரை அவனுக்கு வெள்ளையாக ஒரு புகை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பார்வை நன்றாக இருந்த வயசில் கொடைக்கானல் மலையில் ஒரு கிளப்பில் எடுபிடியாக இருந்திருக்கிறான். அங்கே துரைமார்களுக்கு இந்தப் படங்களைத்தான் போடுவார்களாம். தட்டு எடுக்கிற சாக்கில் நின்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்து மனசில் வைத்திருக்கிறான். அங்கே பார்த்த பூதப் படத்துக்குச் சத்தத்தை வைத்துக் கதை சொல்லுவான். சிரிப்புப் படத்துக்குச் சனத்தின் சிரிப்பை வைத்துச் சொல்லுவான். பார்க்காத படம் வந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

"அந்தக் கை இருந்துச்சுண்ணே. நான் பாத்த படத்துல இருந்துச்சு. இந்தப் பெட்டி எத்தன ஊரு சுத்தி வந்துச்சோ, எவன் வெட்டுனானோ. ராமரு வெட்டல."

அப்படியென்றால் பாயிடம் சொல் என்றேன். சொன்னால் மைக்குப் போய்விடும் என்றான். சொல்லாவிட்டால் ராமர் பிழைப்பும் போகும் என்றேன். அவன் முறுக்கை வாங்கிக் கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். அவனை நான் அப்போதும் முழுசாக நம்பவில்லை. கையைப் பிடித்துக் கொண்டுபோய் மிஷின் ரூம் படியில் விட்டுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை ஆட்டத்துக்குப் பாய் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். குளக்கரை வந்தது. பாஸ்கல் மைக்கில் சொன்னான்: "இந்த இடத்துல ஒரு கையி வரணும். வராது. ராமர் மேல தப்பு இல்ல. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியாது. இத்தன நாளா எங்கியோ பாத்த படத்தத்தான் ஒங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

உடனே எல்லாரும் உருகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். புளுகுகிறான், ஆப்பரேட்டரைக் காப்பாற்றுகிறான் என்று தரையிலிருந்து குரல் வந்தது. பாய் எழுந்து மிஷின் ரூமுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் சத்தம் காட்டாமல் பாஸ்கல் மூக்குக்கு நேரே முஷ்டியை ஓங்கினார். அவன் இமை ஆடவில்லை. ஆனால், "வாங்க பாய்" என்றான். பாய் திடுக்கிட்டுக் கையை இறக்கினார். அத்தர் வாசம் என்று நான்தான் சொன்னேன். கயிற்றையும் சோடாப் பெட்டியையும் சொன்னேன்.

பாய் வெகுநேரம் தாடியைத் தடவினார். படக் கம்பெனி ஆளிடம் நான் பேசிக்கொள்கிறேன், ராமர் இருக்கட்டும் என்றார். "ஆனா கண்ணு தெரியாதவன் படம் சொல்றான்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கத்தான பாய் வராக" என்றான் ராமர்.

பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்த்தார். "மூக்கையா, நீ பக்கத்துல உக்காரு. திரையில என்ன இருக்கோ அதச் சொல்லு. அவன் மைக்கில சொல்லட்டும். நீ எவனையும் நம்பாதவன். இல்லாதத இருக்குன்னு சொல்ல மாட்டே."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கடையைப் பேச்சாயி பார்த்துக்கொண்டாள். நான் ராமருக்கும் பாஸ்கலுக்கும் நடுவில் வேர்த்து ஒழுக உட்கார்ந்து, "பொம்பளை போறா, பூதம் வருது" என்பேன். அதை அவன் வாங்கி, அவள் புருஷனோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற கதையாக்கிவிடுவான். இல்லாததைச் சேர்க்காதே என்று தொடையில் கிள்ளுவேன். கிள்ளினால் அதற்கும் மைக்கில், "பூதத்துக்குத் தொடை அரிக்குது" என்பான். அடுத்த அமாவாசைக்கு வந்த நெசவுக்காரர்களே, அந்தக் கையை ஒரு தடவை சொல்லச் சொல்லு என்று கேட்டார்கள்.

லைசென்ஸ் முடிந்து கொட்டகையைப் பிரித்தபோது ராமர் திண்டுக்கல்லில் ஒரு தியேட்டருக்குப் போனான். பாஸ்கல் பழனிக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் பக்தர்களை லாட்ஜுக்குக் கூப்பிடுகிற வேலையில் சேர்ந்தான். பகல் வேலை.

போன வருஷம் மாவு மூட்டை விஷயமாக வத்தலக்குண்டு போயிருந்தேன். ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு அதே குளத்துப் பூதம் போஸ்டர் ஒட்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு உள்ளே போனேன். மைக்கும் கிடையாது, பேச்சும் கிடையாது. நாலைந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குளக்கரை வந்தது. அவள் காலை ஆட்டினாள். தண்ணீர் கலங்கியது. கை வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்தவன் உட்காருய்யா என்றான்.

பஸ் ஏறி நேரே பழனி போனேன். பாஸ்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்பத்தை மடக்கி வெந்நீர் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்தான். கை வந்தது என்றேன். அவன் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தெரியாது. பிறகு கேட்டான்.

"எத்தன வெரலுண்ணே?"

"மூணு."

"அஞ்சு."

"மூணுதாம்ல. நாந்தான பாத்தேன்."

பாஸ்கல் என்னை மேலும் கீழும் பார்த்தான். பகல் வெளிச்சம், அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. தன் கையை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இதுல எத்தன இருக்கு, சொல்லுங்க" என்றான்.