திருப்போரூரைத் தாண்டாத லீவு

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அதைக் கிளப்பிவிட்டது ஒரு கார்ட்டூன் படம்.

மருந்துக்கடையில் பில் போடுகிற எனக்கு லீவு என்பது குதிரைக் கொம்பு. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரு சனிக்கிழமை, கணவர், மகள், நான் மூவரும் கூடுவாஞ்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். மகாபலிபுரத்துக் கடலில் கால் நனைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கல்யாணமான பத்து வருஷத்தில் மூன்று முறை கிளம்பி, மூன்று முறையும் திருப்போரூரோடு திரும்பியிருக்கிறோம். அங்கேதான் என் நாத்தனார் வீடு. அக்கா வீட்டில் தலைகாட்டாமல் அந்த ஊரைத் தாண்டுவது என் கணவருக்கு மகாபாவம்.

"அஞ்சே நிமிசம். எட்டிப் பாத்துட்டு ஓடிடலாம்," என்றார், கேளம்பாக்கம் வரும்போதே.

நாத்தனார் எங்களைப் பார்த்ததும் கோழிக்குழம்புக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். "வூடு வரைக்கும் வந்துட்டு சாப்டாம போனா இன்னா அர்த்தம்?"

சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி. கை கழுவிய என் கணவர் பாயை விரித்தார். ஜாடை காட்டினேன், கிள்ளினேன், பாத்திரத்தை டமாலென்று வைத்தேன். குறட்டைதான் பதில்.

மூன்றரைக்கு எழுந்து டீ குடித்தவர், மகள் என் போனில் பார்த்துக்கொண்டிருந்த பழைய கார்ட்டூனில் லயித்துவிட்டார். ஒரு கழுதை பெட்டி படுக்கையோடு உல்லாசப் பயணம் கிளம்புகிறது. ரயில் மாறி ஏறுகிறது, கூடாரம் காற்றில் பறக்கிறது, போகவேண்டிய இடத்தைப் பார்க்காமலே வீடு திரும்புகிறது. இவருக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. துடைத்துக்கொண்டே அக்காவிடம் சொன்னார்:

"பாவம்க்கா. கெடச்ச ஒரு லீவும் வீணாப் பூடுச்சு அதுக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டில் வரைந்த கழுதைக்கு இரக்கப்படத் தெரிந்த மனுஷனுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த என் முகம் தெரியவில்லை. போனைப் பிடுங்கிப் பையில் போட்டேன். மகளின் கையைப் பிடித்தேன்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் நாத்தனார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணி."

வீம்புக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். யாரும் பின்னால் வரவில்லை.

மகாபலிபுரத்தில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. முழங்கால் வரை புடவை நனைய நின்றுகொண்டிருந்தேன், போன் அடித்தது.

"எங்க கீற? அக்கா தோசை ஊத்தறேங்குது, வந்துடு," என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "இன்னா அங்க ஒரே இரைச்சலா கீது?" என்றார்.

"கடலுங்க," என்றேன். "நீங்க பாத்ததில்ல."