பெருவிரல் கட்டு

மருத்துவமனையை விட்டு இறங்கித் திண்டிவனம் மேம்பாலம் வரை நடந்து வந்துவிட்டேன். வெயில். சட்டைப்பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஜினீயர்தான். எடுக்கவில்லை.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கல் சூளை, வெல்டிங் என்று அலைந்து, விழுப்புரத்தில் அவருடைய பட்டறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாதம் வந்து கால் விழுந்தவர்களைப் படுக்கவைத்து, காலை மடக்கி நீட்டும் ரோபோ ஒன்றை அவர் வரைந்தார், நான் செய்தேன். மோட்டார் ஓடும்போது விழுந்த கால் வெளிப்பக்கம் சாய்ந்தது. அதற்காக இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளை நாடாவால் கட்டினோம். மாதக்கணக்கில் நானே அதில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினீயர் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர். நானும் எத்தனையோ சாவு வீட்டில் மூங்கில் கட்டியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

திண்டிவனம் மருத்துவமனையில் அதில் முதலில் படுத்தவர் மரக்காணம் பக்கத்து மீனவர். மறுபடி படகு ஏற வேண்டும், அதற்காக எதற்கும் தயார் என்றுதான் வந்தார். அவருக்குச் சரிவந்தால் மற்றவர்களுக்கும் வைக்கலாம் என்று தெரபிஸ்ட் பெண் சொல்லியிருந்தார். நான் நாடாவை முடிச்சுப் போட்டதும் மீனவரின் மனைவி என் கையைத் தட்டிவிட்டார்.

“இன்னாப்பா பண்ற? அவரு இன்னும் சாவல.”

அடுத்த வாரமே நாடாவை எடுத்துவிட்டு, காலுக்கு ஒன்றாக நீலச் செருப்பு வைத்த தாங்கி செய்து கொண்டுபோனேன். நல்ல வேலை. கால் சாயவே இல்லை. அதற்குள் வார்டு முழுக்க மெஷினுக்குப் பாடை என்று பேர் விழுந்திருந்தது. மீனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நாலு பேரு தூக்கசொல்ல ஏறிக்கிறேன் தம்பி. இப்ப வேணாம்.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். பயந்து இறுக்கிக்கொள்கிற காலை எந்த மெஷினும் மடக்காது, என் கையே போதும் அண்ணா என்றார் தெரபிஸ்ட். நாடாதான் இல்லையே என்று செருப்பைக் காட்டினேன். அவர் மீனவரின் காலைக் கையில் எடுத்து மடக்க ஆரம்பித்தார். போனில் இன்ஜினீயர், எல்லாம் மூடநம்பிக்கை, அங்கேயே இருந்து எடுத்துச் சொல் என்றார். என்ன சொல்வது? நான் அப்படிப் படுத்திருந்ததை என் அம்மா பார்த்திருந்தால் அவரும் தட்டித்தான் விட்டிருப்பார். மெஷினை வராந்தாவில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

விழுப்புரம் பஸ் வந்தது. ஏறவில்லை.

மறுநாள் காலை திண்டிவனத்திலேயே ஒரு வேர்க்கடலை மில்லில் மல்லாட்டை உடைக்கும் மெஷினுக்கு ஆள் கேட்டார்கள். சேர்ந்துகொண்டேன். கொட்டினால் உடைக்கிறது. யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.