ஏரோதின் சிவப்புப் படை

ஞானராஜ் திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துபவர். அந்த வேலை தந்த கைநிதானத்தை மாலை நேரங்களில் வேறொன்றுக்குச் செலவிடுகிறார்: விரல்கணு உயரமே உள்ள போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது. விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் பிரேம்குமார், கீ-செயின் செய்யவென்று வாங்கிய முப்பரிமாண அச்சுப்பொறியில் அவற்றை அச்சிட்டுத் தருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கடை மேசைமேல் படைகளை நிறுத்தி, இஞ்சு டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போரிடுவார்கள்.

சேறும் துருவும் படிந்ததுபோல் பூசுவதே இக்காலத்து வழக்கம். ஞானராஜுக்கு அது ஒவ்வவில்லை. நாற்பதாண்டுக்கு முந்தைய பாணியே அவருடையது: பளீரென்ற சிவப்பு, மஞ்சள், காலடியில் புல்பச்சை. பிரேம்குமாரின் படை பச்சைக் குட்டிப் பூதங்கள். ஞானராஜின் படை, அவற்றிடமிருந்து ஊரைக் காக்கும் சிவப்புச் சட்டை வீரர்கள். ஆயினும் காக்கும் படை ஒருமுறைகூட வென்றதில்லை. ஒரே ஒரு வெற்றியாவது வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

சென்ற டிசம்பரில் அவர் மனைவி அக்னஸின் அன்பியத்தைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் அமைத்தன.

“ஏங்க, ஏரோது அரண்மனை கட்டிட்டோம், காவலுக்கு ஆளே இல்ல. உங்க ஆளுங்க சும்மா டப்பாலதான படுத்துக்கினு இருக்காங்க?”

“அவங்க நல்லவங்க, அக்னஸ்.”

“பொம்மைல என்னங்க நல்லவன் கெட்டவன்? குடுங்க.”

கொடுத்தார். பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அரசனின் தெர்மகோல் வாசலில், வாளை ஓங்கியபடி சிவப்புப் படையின் தலைவன் நின்றான். திருப்பலி முடிந்து வந்த, அதே அன்பியத்து இருதயசெல்வி, இடுப்பிலிருந்த மகளுக்கு அவனைக் காட்டினார்.

“பாரு, இவன்தான் புள்ளைங்கள வெட்டுனவன். மூஞ்சியப் பாரேன், கொலைகாரக் களை அப்படியே சொட்டுது. யாருக்கா பெயின்ட் அடிச்சது?”

“எங்க வீட்டுக்காரர்தான்,” என்றார் அக்னஸ் பெருமையுடன்.

தன் படைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. மகிழ்வதா வருந்துவதா என்று அருகில் நின்ற ஞானராஜுக்கு விளங்கவில்லை. தலைவனுக்குத் தடித்த புருவம் தீட்டியது வீரம் தெரிவதற்காக. குடில் பிரித்தபின் வீட்டு விளக்கடியில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினால் வீரம், மறுபக்கம் திருப்பினால் கொடூரம். அக்னஸைக் கேட்டார்.

“புருவம் புருவமாத்தான் இருக்கு. சாப்பிட வாங்க.”

ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்த ஆட்டத்தில், எவரும் எதிர்பாராதவாறு பூதங்களின் நடுப்படை முறிந்தது. தோற்றோடும் படையை வென்றவர் விரும்பினால் துரத்தலாம் என்பது விதி. துரத்திப் பிடித்தால் ஆட்டமே முடிந்துவிடும்.

“உருட்டுடா. எதுக்கு முழிச்சிக்கினு இருக்க?” என்றார் பிரேம்குமார்.

மேசை விளிம்பை நோக்கி, முதுகைக் காட்டியபடி சின்னஞ்சிறு பூதங்கள். அவற்றின் பின்னால் அதே ஓங்கிய வாள்.

“துரத்தல,” என்றார் ஞானராஜ்.

“ஜெயிச்சிடுவடா. மொத தபா.”

“தெரியுது.”

“பாவம் பாக்கறியா? போன மாசம் உன் ஊர எரிச்சதுங்கடா இதுங்க.”

“அதான் எனக்கும் புரியல.”

பிரேம்குமாரின் முறை வந்ததும் பூதங்கள் ஒன்றுகூடித் திரும்பின. பக்கவாட்டில் புகுந்து சிவப்புப் படையைச் சிதறடித்தன. வென்ற பிரேம்குமாரின் முகத்தில்தான் வாட்டம் மிகுதி.

“இது ஒரு ஜெயிப்பா? வா, அந்த எடத்துலேர்ந்து திரும்ப ஆடலாம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

ஞானராஜ் சரியென்று தலையசைத்தார். இருவரும் நினைவிலிருந்து ஒவ்வொரு பொம்மையாகப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்கள். ஒரு பூதம் நின்ற இடம் குறித்துச் சற்று வாதமும் நடந்தது. பூதங்கள் மறுபடி முதுகைக் காட்டின. பிரேம்குமார் பகடையை எடுத்து நண்பரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டார்.

ஞானராஜ் பகடையை உருட்டாமல் மேசை ஓரத்தில் வைத்தார்.

“மொதல்ல டீ சொல்லு,” என்றார்.